ஆப்ஜெக்ட் டேட்டாபேஸோடு முதல் மோதல்: உங்கள் கதையையும் சொல்லுங்கள்

பத்து வருடத்துக்கும் மேலாக, டேபிள் வைத்த டேட்டாபேஸ்களோடு பேசும் எஸ்க்யூஎல் மொழி மட்டுமே எழுதிய கை என்னுடையது. டேபிள் போடு, ஒன்றோடொன்று தொடர்புபடுத்த ஃபாரின் கீ கட்டு, சேர்த்துப் படிக்க ஜாயின் எழுது. அதைத் தாண்டி யோசித்ததில்லை. போன வருடம் ஒரு சின்ன வேலை வந்தது: இயந்திரங்களின் உதிரிபாகங்களைக் கணக்கு வைக்கும் செயலி. ஒரு பாகத்துக்குள் நாலு பாகம், அந்த நாலில் ஒன்றுக்குள் இன்னும் ஆறு. ஒவ்வொரு வகைக்கும் வேறு வேறு விவரங்கள். பேரண்ட் ஐடி என்று ஒரு நெடுவரிசை வைத்து, டேபிளைத் தன்னோடு தானே ஜாயின் செய்ய வைத்து, வந்த வரிசைகளிலிருந்து மறுபடி மரத்தைக் கட்ட ஒரு ஃபங்ஷன் எழுதினேன். மரத்தைப் பலகையாக அறுத்து அடுக்கிவிட்டு, கேட்கும்போதெல்லாம் ஒட்டிக் கொடுப்பது போல இருந்தது. அலுத்துவிட்டது.

ஆப்ஜெக்டை டேபிள்களாக உடைக்காமல் அப்படியே சேமித்துத் திருப்பிக் கொடுப்பதுதான் ஆப்ஜெக்ட் டேட்டாபேஸ். எழுதிக்கொண்டிருந்தது பைத்தான் என்பதால் அதற்கான இசட்ஓடிபி பக்கம் போனேன். ஸோப் என்ற வலைச் செயலிக் கட்டமைப்போடு பிறந்தது அது. ப்ளோன் என்ற வலைத்தள மென்பொருள் இன்றும் அதன் மேல்தான் ஓடுகிறது. ஆனால் அந்த இரண்டும் இல்லாமல் தனியாகவே எடுத்துப் பயன்படுத்தலாம். சர்வர் நிறுவ வேண்டாம், என்னென்ன விவரம் எந்த வடிவில் என்று முன்கூட்டியே ஸ்கீமா எழுத வேண்டாம். ஃபைலைத் திறந்தால் ரூட் என்று ஒன்று கைக்கு வரும். டிக்ஷனரி மாதிரி அதில் ஒரு சாவி போட்டு நம் ஆப்ஜெக்டை மாட்டிவிட்டு, மாற்றத்தைச் சேமிக்கும் கமிட் சொன்னால் வேலை முடிந்தது. ரூட்டிலிருந்து கைபிடித்துப் போய்ச் சேரக்கூடிய எல்லாமே சேமிப்பில் சேர்ந்துவிடும். நம் கிளாஸ், பெர்சிஸ்டென்ட் என்ற கிளாஸிலிருந்து வந்ததாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். அரை மணி நேரத்தில் மொத்த மரமும் உள்ளே போனது. மூடித் திறந்தால் அப்படியே வெளியே வந்தது. இத்தனை வருடம் ஏன் கஷ்டப்பட்டோம் என்று தோன்றியது.

மூன்றாம் நாள் பதில் கிடைத்தது. ஒவ்வொரு பாகத்துக்கும் குறிப்புகள் என்று ஒரு லிஸ்ட் வைத்திருந்தேன். ஒரு குறிப்பை லிஸ்டின் கடைசியில் சேர்க்கிறேன் (அப்பெண்ட்), கமிட் செய்கிறேன், திரையில் தெரிகிறது. செயலியை மூடித் திறந்தால் காணோம். எர்ரர் இல்லை, எச்சரிக்கை இல்லை. அதைவிடக் குழப்பியது, சில பாகங்களில் மட்டும் குறிப்பு பத்திரமாக இருந்தது. ஒரு நாள் முழுக்க ஃபைல் பர்மிஷன், டிஸ்க், கமிட் வரிசை என்று எங்கெங்கோ தேடினேன்.

பாகத்தின் பெயரையோ விலையையோ மாற்றினால் பெர்சிஸ்டென்ட் அதைப் பார்த்துவிடுகிறது, 'நான் மாறியிருக்கிறேன்' என்று குறித்துக்கொள்கிறது. அப்பெண்ட் நடப்பது பாகத்தின் மேல் அல்ல, பாகம் கையில் வைத்திருக்கும் சாதாரண லிஸ்டுக்குள். பாகத்துக்கு அந்தச் சேதியே போவதில்லை. கமிட் வந்து 'யார் யார் மாறினீர்கள்?' என்று கேட்டால் யாரும் கை தூக்குவதில்லை. அப்படியானால் சில குறிப்புகள் மட்டும் எப்படிப் பிழைத்தன? அந்தப் பாகங்களில் அதே கமிட்டில் விலையையும் மாற்றியிருந்தேன். விலை மாறியதால் ஆப்ஜெக்ட் முழுவதும் எழுதப்பட்டது, லிஸ்ட் ஓசியில் ஏறிக்கொண்டது.

சாதா லிஸ்டுக்குப் பதிலாக பெர்சிஸ்டென்ட் லிஸ்ட் என்று ஒன்று இருக்கிறது, அதைப் போட்டதும் சரியாகிவிட்டது. பாகத்தின் பி-சேஞ்ச்ட் என்ற கொடியை நாமே ட்ரூ ஆக்கலாம். ஆனால் அதை ஒரு இடத்தில் மறந்தாலும் பழைய கதைதான். சரி, உங்களுக்கு எங்கே இடித்தது?

* * *

உங்கள் லிஸ்ட் கதைக்கு என்னுடையது சொந்தத் தங்கச்சி. நான் ஜாவா ஆள், டிபி4ஓ என்ற ஆப்ஜெக்ட் டேட்டாபேஸ் நன்றாக ஓடிக்கொண்டிருந்த காலத்தில் அதைப் பயன்படுத்தினேன். அதில் பெர்சிஸ்டென்ட் கிளாஸ்கூட வேண்டாம். எந்தச் சாதாரண ஆப்ஜெக்டையும் ஸ்டோர் மெத்தடில் கொடுத்தால் வாங்கிக்கொள்ளும். வாடிக்கையாளர், அவருக்குள் முகவரி என்று ஒரு ஆப்ஜெக்ட். முதல் தடவை இரண்டும் சேர்ந்தே உள்ளே போயின. பிறகு ஒருநாள் முகவரியில் ஊரை மாற்றி, வாடிக்கையாளரை ஸ்டோர் செய்தேன். மறுநாள் பார்த்தால் பழைய ஊர்.

அப்டேட் டெப்த் என்று ஒரு அமைப்பு, இயல்பாகவே 1. புதிதாக வரும் ஆப்ஜெக்ட்களை எத்தனை ஆழத்தில் இருந்தாலும் சேமிக்கும். ஏற்கெனவே உள்ளே இருப்பவற்றை மாற்றும்போது மேல் தட்டோடு நிறுத்திக்கொள்ளும். ஒரு வாடிக்கையாளரைத் தொட்டால் அவர் வழியாக டேட்டாபேஸ் பாதியையும் திரும்ப எழுத வேண்டி வரக்கூடாதே, அதற்காக. காரணம் நியாயம்தான், ஆனால் எனக்கு அது முதலில் தெரியாது. எடுக்கும்போதும் இதே கதை: ஆக்டிவேஷன் டெப்த் 5. அதைத் தாண்டிய ஆப்ஜெக்ட் இருக்கும், உள்ளே எல்லா ஃபீல்டும் காலி. பணியாளருக்கு மேலாளர், அவருக்கு மேலாளர் என்று ஏறிக்கொண்டே போனால் ஓர் இடத்தில் பெயரே இல்லாத ஒரு அதிகாரி உட்கார்ந்திருப்பார்.

இன்னொன்று, இப்போது நினைத்தாலும் சிரிப்பு வரும். மாதிரி ஆப்ஜெக்ட் ஒன்றைக் கொடுத்து 'இது போல இருப்பவற்றைக் கொடு' என்று தேடும் வசதி இருந்தது. நிலுவை இல்லாத கணக்குகளைத் தேட, மாதிரியில் நிலுவையை 0 என்று வைத்தேன். எல்லாக் கணக்கும் வந்து நின்றன. எண் ஃபீல்டுக்கு 0 என்பது ஒன்றும் நிரப்பாத நிலை. அதனால் 'இந்த ஃபீல்டு எப்படி இருந்தாலும் பரவாயில்லை' என்றே அது எடுத்துக்கொள்கிறது. நிபந்தனையை ஜாவாவிலேயே எழுதும் நேட்டிவ் க்வெரியாக மாற்றி எழுதிய பிறகுதான் சரியான பட்டியல் வந்தது. நல்லவேளை, அந்தப் பட்டியலை வைத்து எதையும் அழிக்கும் பட்டன் அப்போது இல்லை.

அப்புறம் 2008-ல் டிபி4ஓவை வெர்சன்ட் வாங்கியது, 2012 கடைசியில் வெர்சன்டை ஆக்டியன் வாங்கியது, கொஞ்ச காலத்தில் டிபி4ஓ வளர்ச்சியே நின்றுபோனது. எஸ்க்யூஎல் மாதிரி இந்த உலகத்தில் எல்லோருக்கும் பொதுவான ஒரு மொழி நிலைக்கவில்லை. ஓடிஎம்ஜி என்ற குழு ஓக்யூஎல் என்று ஒன்றை வகுத்துப் பார்த்தது. தரநிலையின் மூன்றாம் பதிப்பு 2000-ல் வந்தது, 2001-ல் குழுவே கலைந்துவிட்டது. அதனால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது என்றால் எல்லாவற்றையும் வெளியே கொட்டி மறுபடி அள்ளுவதுதான் வழி. என் பழைய ஃபைலை அந்தக் காலத்து கிளாஸ்கள், அந்தக் காலத்து டிபி4ஓ ஜார் ஃபைல் இரண்டையும் தேடிப்பிடித்துத்தான் திறந்தேன். தொடங்கும் நாளிலேயே ஏற்றுமதி ஃபங்ஷன் ஒன்று எழுதி வைத்துவிடுங்கள்.

* * *

நானும் இசட்ஓடிபிதான். எனக்கு எதுவும் தொலையவில்லை, எதிர்மாறாக ஃபைல் ஊதிக்கொண்டே போனது. அதன் ஃபைல் ஸ்டோரேஜ் பழையதை அழித்து எழுதாது, ஒவ்வொரு கமிட்டையும் கடைசியில் ஒட்டிக்கொண்டே போகும். தேவைப்பட்டால் பழைய மாற்றத்தைத் திரும்பப் பெறவும் முடிவது அதனால்தான். அவ்வப்போது பேக் செய்தால் பழைய பிரதிகள் கழியும். நான் அதை எட்டு மாதம் செய்யவே இல்லை.

ஆனால் பேக் செய்த மறுவாரமே மறுபடி ஊதியது. கை வைத்துப் பார்த்தால் தப்பு என் அமைப்பில். எல்லாப் பதிவுகளையும் ஒரே ஒரு பெர்சிஸ்டென்ட் மேப்பிங்கில் போட்டிருந்தேன். வெளியே டிக்ஷனரி போலத் தெரிந்தாலும் டிஸ்கில் அது ஒரே துண்டு. இருபதாயிரம் சாவிகளில் ஒன்றைப் புதிதாகச் சேர்த்தாலும் இருபதாயிரமும் மறுபடி எழுதப்படும். பி-ட்ரீக்கு மாற்றினேன். அது உள்ளே சிறு சிறு பொட்டலங்களாகப் பிரித்து வைக்கும், தொட்ட பொட்டலம் மட்டும் எழுதப்படும். பயன்படுத்தும் விதம் ஏறக்குறைய அதே டிக்ஷனரி.

பி-ட்ரீயிலும் இரண்டு முள் உண்டு. எத்தனை இருக்கிறது என்று லென் கேட்டால் எல்லாப் பொட்டலத்தையும் அவிழ்த்து எண்ணும், எண்ணிக்கையைத் தனியாக வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்தது, 1, 2, 3 என்று ஏறுமுகமாகச் சாவி கொடுத்தால் ஒரே நேரத்தில் சேர்க்கும் எல்லோரும் கடைசிப் பொட்டலத்தில்தான் முட்டிக்கொள்வார்கள். கான்ஃப்ளிக்ட் எர்ரர் கொட்டியது. சாவியைத் தற்செயலான எண்ணாக்கி, எர்ரர் வந்தால் மறுமுயற்சி செய்யும்படி எழுதியதும் அடங்கியது.

* * *

ஒரு சந்தேகம். நான் இப்போதுதான் இசட்ஓடிபியில் தொடங்குகிறேன். நேற்று கோட் ஒழுங்குபடுத்துகிறேன் என்று ஒரு கிளாஸை வேறு மாட்யூலுக்கு (வேறு பைத்தான் ஃபைலுக்கு) நகர்த்தினேன். வேறு எதையும் தொடவில்லை. இப்போது பழைய ஆப்ஜெக்ட்கள் எல்லாம் 'உடைந்தவை' என்று வருகின்றன. டேட்டா போய்விட்டதா?

* * *

போகவில்லை, பயப்படாதீர்கள். எதையும் சேமிக்காமல் முதலில் ஃபைலை ஒரு நகல் எடுங்கள்.

இசட்ஓடிபி ஆப்ஜெக்டை பிக்கிள் செய்து, அதாவது பைத்தானின் வழியில் பைட்டுகளாக மடித்து வைக்கிறது. அதற்குள் இருப்பது உங்கள் மதிப்புகளும், மாட்யூல் பெயர், கிளாஸ் பெயர் என்ற விலாசமும். கிளாஸின் கோட் அங்கே இல்லை. நீங்கள் வீடு மாறிவிட்டீர்கள், அது பழைய விலாசத்துக்குப் போய்க் கதவைத் தட்டுகிறது. பழைய மாட்யூலில் ஒரே ஒரு வரி, புதிய இடத்திலிருந்து அந்த கிளாஸை இம்போர்ட் செய்துவையுங்கள். எல்லாம் திரும்பி வந்துவிடும். நிரந்தரமாக விலாசத்தை மாற்றி எழுத இசட்ஓடிபி-அப்டேட் என்று ஒரு கருவியும் இருக்கிறது.

இதே இடத்தில் நாளைக்கு இன்னொன்றும் வரும், இப்போதே சொல்லிவிடுகிறேன். கிளாஸில் புதிய ஃபீல்டு ஒன்றைச் சேர்ப்பீர்கள், ஆப்ஜெக்டைப் புதிதாக உருவாக்கும்போது ஓடும் கன்ஸ்ட்ரக்டரில் அதற்கு மதிப்பும் கொடுப்பீர்கள். பழைய ஆப்ஜெக்ட்கள் டிஸ்கிலிருந்து எழும்போது கன்ஸ்ட்ரக்டர் ஓடாது, ஆகவே அந்த ஃபீல்டு அவற்றில் இருக்காது. இயல்பு மதிப்பை கிளாஸ் மட்டத்திலேயே எழுதிவைத்தால் தப்பிக்கலாம். ஆனால் அங்கே லிஸ்டை வைத்துவிடாதீர்கள், எல்லா ஆப்ஜெக்டும் ஒரே லிஸ்டைப் பங்கு போட்டுக்கொள்ளும். ஸ்கீமா வேண்டாம் என்று சொல்லித்தான் எல்லோரும் இதற்குள் வருகிறோம். ஸ்கீமா எங்கேயும் போகவில்லை, உங்கள் கிளாஸ்தான் ஸ்கீமா.

வேறு யாராவது அனுப்பிய ஃபைலைச் சும்மா திறந்து பார்க்காதீர்கள். பிக்கிளைப் பிரிப்பது என்பது, அதை அனுப்பியவர் ஓடச் சொல்லும் கோட் எதையும் நம் கணினியில் ஓடவிடுவது மாதிரி.

* * *

மொபைல் ஆள் ஒருவனும் சேர்ந்துகொள்கிறேன். நான் பயன்படுத்தியது ரெல்ம் என்ற மொபைல் ஆப்ஜெக்ட் டேட்டாபேஸ். அதில் கையில் கிடைக்கும் ஆப்ஜெக்ட் நகல் இல்லை, உயிருள்ளது. வேறு இடத்தில் மாறினால் இங்கேயும் மாறும். திரை தானாகப் புதுப்பிக்கப்படுவதைப் பார்த்து மகிழ்ந்துகொண்டிருந்தேன். பிறகு ஒரு ஆப்ஜெக்டைப் பின்னணி த்ரெட்டுக்கு (செயலிக்குள்ளேயே இணையாக ஓடும் இன்னொரு வேலைக்கு) அனுப்பினேன், செயலி விழுந்தது. எந்த த்ரெட்டில் எடுத்தோமோ அதில்தான் தொடலாம். சாவியை மட்டும் அனுப்பி அங்கே மறுபடி எடுத்துக்கொள்ள வேண்டும். திரையில் காட்டிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பதிவை வேறு எங்கோ அழித்தால் இன்னொரு விழுகை.

* * *

இந்தப் பேச்சைத் தொடங்கிய உதிரிபாகக்காரன் மறுபடி. பி-ட்ரீ விஷயம் படித்ததும் என் ஃபைலைப் பார்த்தேன், நானும் மேப்பிங்கில்தான் எல்லாவற்றையும் கொட்டியிருக்கிறேன்.

இத்தனைக்குப் பிறகும் இசட்ஓடிபியிலேயே தொடர்கிறாயா என்று கேட்டவர்களுக்கு: ஆமாம், இதிலேயே தொடர்கிறேன். பாகத்துக்குள் பாகம் என்று இறங்கும் வேலைக்கு இது அவ்வளவு சுகம். அறிக்கைகள்தான் தொல்லை. 'இந்த விலைக்கு மேல் உள்ள பாகங்கள், வகை வாரியாக எண்ணிக்கை' என்பது எஸ்க்யூஎல்லில் ஒரு வரி. இங்கே விலைக்கு ஒரு பி-ட்ரீயை நானே இண்டெக்ஸாக வைத்து, விலை மாறும்போதெல்லாம் அதையும் நானே மாற்ற வேண்டியிருக்கிறது. அறிக்கை நிறைய கேட்கும் செயலி என்றால் டேபிளை விட்டு வந்திருக்க மாட்டேன்.

டெஸ்டுகளில் ஒரு பழக்கம் வந்திருக்கிறது. மாற்று, கமிட் செய், டேட்டாபேஸையே மூடு, மறுபடி திற, அப்புறம்தான் சரிபார். திறந்த கனெக்ஷனிலேயே பார்த்தால் நினைவில் இருப்பதைக் காட்டி ஏமாற்றிவிடும்.

மேப்பிங்கை பி-ட்ரீயாக மாற்ற இப்போதே ஒரு ஸ்கிரிப்ட் எழுதி ஓட்டினேன். முதல் வரியிலேயே லாக் எர்ரர். பக்கத்து ஜன்னலில் செயலி திறந்தே கிடக்கிறது, ஒரே ஃபைலை இரண்டு ப்ராசஸ் திறக்க விடாது. இரண்டும் சேர்ந்து பயன்படுத்த, இடையில் ஜியோ என்ற இசட்ஓடிபி சர்வர் வைக்க வேண்டுமாம். இன்றைக்கு வேண்டாம், செயலியை மூடிவிட்டு வருகிறேன்.