திருகோணமலையிலிருந்து போனவர்களுக்கு: படிப்பு, ஆய்வு, மொழிக்கான அரச நிதி பற்றிச் சில பதில்கள்

வருகிற கேள்விகளில் பாதி ஒரே கேள்விதான். “வெளிநாடு வந்துவிட்டேன், இங்கே அரசாங்கம் படிப்புக்குப் பணம் கொடுக்கிறதாமே, எங்கே விண்ணப்பிப்பது?” உவர்மலை, நிலாவெளி, மூதூர், கிண்ணியா என்று எங்கள் ஊர்ப்பக்கப் பிள்ளைகள்தான் கூடுதலாகக் கேட்கிறார்கள். தனித்தனியே எழுதிக் களைத்துவிட்டது, எல்லோருக்குமாகச் சேர்த்துச் சொல்கிறேன். நான் வெளியே படித்து, வேலை பார்த்துவிட்டு, இப்போது திருகோணமலையில் இருக்கிறேன். பின்னேரங்களில் யாராவது ஒரு பிள்ளையின் விண்ணப்பம் மேசையில் கிடக்கும்.

பெறுபேற்றை எடுத்து நீட்டுவதற்கு முன்னால் உங்கள் கையில் என்ன அட்டை இருக்கிறது என்று பாருங்கள். மாணவர் விசாவா, நிரந்தர வதிவிடமா, அகதி அங்கீகாரமா, இன்னும் முடிவு வராத விண்ணப்பமா? உயர்தரத்தில் மூன்று ஏ எடுத்தவருக்கும் அட்டை பொருந்தாவிட்டால் கதவு திறக்காது. கனடாவில் முதுமாணி ஆய்வு மாணவர்களுக்கு மத்திய அரசு கொடுக்கும் புலமைப்பரிசில் ஓராண்டுக்கு 27,000 டொலர். அது குடியுரிமை உள்ளவர்கள், நிரந்தர வதிவிடம் உள்ளவர்கள், பாதுகாப்பு அளிக்கப்பட்ட அகதிகள் ஆகியோருக்கு மட்டுமே. மாணவர் விசாவில் போன தம்பி அதற்கு இரவு பகலாக ஆய்வுத்திட்டம் எழுதிப் பயனில்லை. அகதி அங்கீகாரம் கிடைத்த அக்காவோ, “எங்களுக்கெல்லாம் எங்கே தரப் போகிறார்கள்” என்று எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. எனக்கு எரிச்சல் மூட்டுவது இந்த இரண்டாவது வகைதான்.

பிரித்தானியாவில் நிலைமை வேறு. அங்கே அரச ஆய்வு மன்றங்களின் முனைவர் பட்ட நிதிக்கு 2021 முதல் வெளிநாட்டு மாணவர்களும் விண்ணப்பிக்கலாம், ஆனால் அவர்களுக்கான இடங்கள் 30 வீதத்துக்குள்தான். 2025–26 கல்வியாண்டில் குறைந்தபட்ச உதவித்தொகை 20,780 பவுண். ஜேர்மனியில் அகதி அங்கீகாரம் பெற்றவர்கள் ‘பாஃபக்’ என்ற அரச மாணவர் உதவிக்குத் தகுதியுள்ளவர்கள். பல்கலைக்கழக மாணவருக்கு அதில் பாதி மானியம், பாதி வட்டியில்லாக் கடன். திருப்பிக் கட்டவேண்டிய கடனுக்கும் 10,010 யூரோ என்று உச்சவரம்பு உண்டு. கடன் என்ற சொல்லைக் கேட்டதும் ஓடிவிடாதீர்கள், இது சீட்டுக்காரரிடம் வாங்கும் கடன் அல்ல.

அடுத்தது கல்வி ஆய்வுக்கான மானியம். ஆசிரியர்களாக இருந்து போனவர்கள் இதைத்தான் அதிகம் கேட்கிறார்கள். பெரிய ஆய்வு மானியங்கள் தனி ஆளின் வங்கிக் கணக்குக்கு வருவதில்லை. அமெரிக்காவில் 2002ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான கல்வி அறிவியல் நிறுவகம் போன்றவை மானியத்தைப் பல்கலைக்கழகத்துக்கோ ஆய்வு நிறுவனத்துக்கோதான் வழங்கும். பேராசிரியர் திட்டத்தை எழுதுவார், பல்கலைக்கழகம் கையொப்பமிட்டு அனுப்பும், கிடைத்த பணத்தில் ஒரு பங்கை நிர்வாகச் செலவென்று எடுத்துக்கொள்ளும், மீதியில்தான் ஆய்வு உதவியாளர்களுக்குச் சம்பளம். புதிதாகப் போன ஒருவர் நுழையக்கூடிய வாசல் அந்த உதவியாளர் வேலைதான். ஆகவே “கிராண்ட் வேண்டும்” என்று எழுதாமல், எந்தப் பேராசிரியர் இப்போது எந்த மானியத்தில் எதை ஆராய்கிறார் என்று தேடுங்கள். மானியம் பெற்ற திட்டங்களின் பட்டியலைப் பெரும்பாலான அரச நிதி நிறுவனங்கள் தங்கள் இணையத்தளத்திலேயே போடுகின்றன.

அங்கே உங்களிடம் விலைபோகும் சரக்கு ஒன்று இருக்கிறது. வீட்டில் தமிழும் பள்ளிக்கூடத்தில் வேறு மொழியும் பேசும் பிள்ளைகளைப் பற்றி ஆய்வு செய்கிறவருக்கு, பெற்றோரிடம் தமிழிலேயே பேட்டி எடுத்து அதை ஒழுங்காக எழுத்தில் பெயர்க்கக்கூடிய ஆள் கிடைப்பது அரிது. தம்பலகாமத்தில் கற்பித்த ஓர் ஆசிரியை அப்படியொரு பேராசிரியருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுத உதவினேன். “கல்வியில் ஆர்வம் உண்டு” என்று தொடங்கியிருந்ததை வெட்டிவிட்டு, எந்த வகுப்புக்கு என்ன பாடம் எடுத்தார், ஒரே வகுப்பில் வாசிக்கத் தெரிந்த பிள்ளையையும் தெரியாத பிள்ளையையும் எப்படிச் சமாளித்தார் என்று எழுதச் சொன்னேன். பதில் அந்தப் பந்தியைப் பற்றித்தான் வந்தது.

இனி, ஊரை விட்டுப் போனதும் மூடிக்கொள்ளும் கதவுகள். ஜேர்மன் கல்விப் பரிமாற்றச் சேவையின் ஆய்வுப் புலமைப்பரிசில்களுக்கு, விண்ணப்ப முடிவுத் திகதியில் நீங்கள் ஜேர்மனியில் 15 மாதத்துக்கு மேல் இருந்திருக்கக்கூடாது. வேறு வழியில் போய்ச் சேர்ந்தபின் ஆறுதலாக விண்ணப்பிக்கலாம் என்றிருந்தால் காலம் கடந்துவிடும். இன்னும் ஊரில் இருக்கும் தங்கச்சிக்கு, கொழும்பிலுள்ள ஃபுல்பிரைட் ஆணைக்குழு வழியாக, அமெரிக்க அரசின் புலமைப்பரிசிலில் அமெரிக்கா போய்ப் படிக்கும் வாய்ப்பு உண்டு. ஆனால் அதில் போகிறவர் படிப்பு முடிந்து இரண்டு ஆண்டுகள் இலங்கையில் இருந்த பின்னரே அங்கே நிரந்தர வதிவிடத்துக்குப் போகலாம். குடியேறுவதுதான் நோக்கமென்றால் கையொப்பமிடும் முன்பு வீட்டில் பேசிக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் வெளிநாட்டு மொழி படிப்போருக்கான பழைய கல்வித் திணைக்கள உதவி பற்றியும் கேட்டிருந்தார்கள். 1957இல் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக் செயற்கைக்கோளை ஏவிய பதற்றத்தில் 1958இல் பிறந்த சட்டத்தின் வழி வந்தது அது. குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ உள்ளவர்களுக்கு மட்டுமாக இருந்தது. 2025இல் அந்த நிதியின் தொடர்ச்சியும் நிறுத்தப்பட்டது. இணையத்தில் இன்னமும் பழைய பக்கங்கள் கிடக்கின்றன, திகதி பார்க்காமல் நம்பவேண்டாம்.

அன்றாட மொழிக்கு வழி சுலபம். ஜேர்மனியில் ஒருங்கிணைப்பு வகுப்பு: வழக்கமாக 600 மணித்தியாலம் டொச், 100 மணித்தியாலம் நாட்டு நடப்பு, இலக்கு பி1, அதாவது அன்றாடம் சமாளிக்கும் அளவு மொழி. கனடாவில் புதிதாகக் குடியேறியோருக்கான ‘லிங்க்’ மொழி வகுப்பு இலவசம், ஆனால் குடியுரிமை எடுத்ததும் அந்த உரிமை போய்விடும். பிரெஞ்சு படிக்க விரும்பும் மாணவர்களுக்கு அங்கே ‘எக்ஸ்புளோர்’ என்ற ஐந்து வாரத் திட்டம் உண்டு. நிரந்தர வதிவிடம் உள்ளவர்கள் தாராளமாக விண்ணப்பிக்கலாம், நம்மவர் ஏனோ அந்தப் பக்கம் போவதே இல்லை. அவுஸ்திரேலியாவில் குடியேறியோருக்கான இலவச ஆங்கில வகுப்புக்கு முன்பு 510 மணித்தியால வரம்பு இருந்தது, 2021இல் எடுத்துவிட்டார்கள்.

விண்ணப்பம் நல்லதாக இருந்தும் பலர் மாட்டிக்கொள்வது பெயரில். பிறப்பு அத்தாட்சியில் பிள்ளையின் பெயர் மட்டும் இருக்கும், தந்தையின் பெயர் வேறு கட்டத்தில். உயர்தரச் சான்றிதழில் தந்தையின் பெயர் முன்னால் வரும், பட்டச் சான்றிதழில் முதலெழுத்தாகச் சுருங்கியிருக்கும். வெளிநாட்டு அட்டையில் அதே தந்தை பெயர் குடும்பப் பெயராகிவிடும். பார்க்கும் அதிகாரிக்கு இது மூன்று ஆட்கள். “இவர்கள் அனைவரும் ஒருவரே” என்று ஒரு சத்தியக் கடதாசி முடித்து, சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் பெயர்த்த பிரதியோடு வைத்துக்கொள்ளுங்கள். கோணேசபுரி வளாகத்தில் படித்தவர்கள் பல்கலைக்கழகத்தின் பெயரைக் கிழக்குப் பல்கலைக்கழகம் என்றே எழுதவேண்டும், பட்டம் அந்தப் பெயரில்தான் இருக்கிறது. பாடவாரிப் பெறுபேற்றுப் பத்திரத்தை முத்திரையிட்ட உறையில் நேரடியாக அனுப்பச் சொல்லும் இடங்கள் பல, அதற்கு ஊரிலுள்ள ஒருவருக்கு அதிகாரக் கடிதம் கொடுத்துவிட்டுப் போங்கள்.

“கிராண்ட் எடுத்துத் தருகிறேன், முன்பணம் போடு” என்று தொலைபேசியில் வருகிறவருக்குப் பதிலே சொல்லவேண்டாம். இதில் சொன்ன எந்த நிதியும் இடையில் ஆள் வைத்துக் கொடுக்கப்படுவதில்லை.