சிலேட்டுப் பெட்டிக்குப் பக்கப்பலகை இல்லையா?

பட்டறைக்காரன், கணபதி:
வணக்கமுங்க. வேல்ஸில் கூரைச் சிலேட்டு ஏற்றிய ஃபெஸ்டினியோக் ரயில் பெட்டி ஒன்றைப் பத்தில் ஒரு பங்கு அளவில் செய்கிறேன். நாலு பக்கமும் தேக்குப்பலகை அடித்து முடித்த பிறகுதான் ஒரு பழைய படம் கண்ணில் பட்டது, அதில் பலகையே இல்லை, ஜன்னல் கம்பி மாதிரி வெறும் சட்டங்கள். அவ்வளவு பாரத்தை இது எப்படித் தாங்கும்? சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் விளிம்பு வேண்டும் என்று வேறு ஒருவர் சொல்கிறார். வார்ப்புக்குக் கொடுப்பதற்குள் தெரிந்தாக வேண்டும்.

ஓட்டுவீடு, காங்கேயம்:
லாரியில் ஓடு ஏற்றுவதைப் பார்த்திருப்பீர்கள் அண்ணா, படுக்கப் போட மாட்டார்கள், நட்டமாக நெருக்கி அடுக்குவார்கள். சிலேட்டும் அப்படித்தான். ஒன்றுக்கொன்று முட்டுக் கொடுத்து நிற்பதால் சட்டமே போதும், பெட்டி எடையும் குறையும், மழைத்தண்ணீரும் தேங்காது. பக்கம் அடைத்த பெட்டி பாறைக்குழிக்குள் கழிவு அள்ள, அதற்கு ஒரு முனை திறந்திருக்கும், மேட்டின் ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டுபோய்க் கவிழ்ப்பார்கள். ஒரு டன் சிலேட்டு எடுக்கப் பத்து டன் கழிவு விழுந்த தொழில் அது.

மலைரயில், மேட்டுப்பாளையம்:
தம்பி, இரட்டை விளிம்புச் சக்கரம் பென்ரின் போன்ற பாறைக்குழிகளின் பழக்கம். ஃபெஸ்டினியோக்குக்கு ஒற்றை விளிம்புதான், கலந்துவிடாதீர்கள். தண்டவாள இடைவெளி 597 மில்லிமீட்டர், உங்கள் அளவுக்கு 60 வைத்தால் சரி. எங்கள் ஊட்டி ரயிலுக்கு அது 1000.

பிரேக்கை மட்டும் விட்டுவிடாதீர்கள், எனக்கு அந்தப் பாதையிலேயே பிடித்தது அதுதான். 1836இல் திறந்தபோது எஞ்சின் கிடையாது. மலையிலிருந்து போர்த்மாடோக் துறைமுகம் வரை ஒரே இறக்கம், பாரம் தானாகவே உருண்டு இறங்கும், ஆட்கள் மேலே உட்கார்ந்து பிரேக் போடுவார்கள். குதிரைகளும் தனிப்பெட்டியில் ஏறிக் கூடவே இறங்கிவரும், அப்புறம் காலிப்பெட்டிகளை மேலே இழுத்துப் போகும். 1863இல் நீராவி எஞ்சின் வந்தது, ஆனாலும் சிலேட்டு 1939 வரை அப்படியே உருண்டுதான் இறங்கியது. எல்லாப் பெட்டிக்கும் பிரேக் இருக்காது, உங்கள் படத்தில் நெம்புகோல் தெரிகிறதா பாருங்கள்.

ஓட்டுவீடு, காங்கேயம்:
பாரத்துக்குப் பழைய பள்ளிக்கூடச் சிலேட்டை அறுத்துப் போடுங்கள் அண்ணா. அங்கே சிலேட்டு அளவுகளுக்குச் சீமாட்டிப் பட்டங்கள்தான் பெயர், ‘டச்சஸ்’ 24க்கு 12 அங்குலம், ‘கவுண்டஸ்’ 20க்கு 10. டச்சஸ் என்றால் உங்களுக்கு 61க்கு 30 மில்லிமீட்டர் வரும்.

பட்டறைக்காரன், கணபதி:
ரொம்ப நன்றிங்க. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், இடது பக்கம் நெம்புகோல் இருக்கிறது. பலகையைக் கழற்றிவிட்டேன், ஒற்றை விளிம்புக்கே அச்சு செதுக்கச் சொல்லியாயிற்று.