நாலு விரல் பனிக்கே ஊரை மூடுவது கோழைத்தனமா?

பனிக்கரடி:
நேற்று ஒரு காணொளி பார்த்த எரிச்சலில் எழுதுகிறேன். வெப்பப் பகுதியில் இருக்கும் ஒரு நகரம். விழுந்தது நாலு விரல் உயரப் பனி. அதற்குப் பள்ளி மூடல், அலுவலகம் மூடல், கடை அலமாரிகள் காலி, சாலையில் வண்டிகள் குறுக்கும் நெடுக்குமாக. நான் இருக்கும் ஊரில் மைனஸ் 30இலும் பிள்ளைகள் பையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கு நடக்கிறார்கள். நானும் பனியையே பார்க்காத இடத்தில் பிறந்தவன்தான். முதல் வருடம் பல் தந்தியடிக்க நின்றவன்தான். பதினோரு குளிர்காலம் ஆயிற்று. இப்போது மைனஸ் 5 என்றால் ஜாக்கெட்டின் ஜிப்பைக்கூட மேலே இழுப்பதில்லை.

என் கட்சி இதுதான்: குளிர் தாங்குவது பழக்கம். பழக மறுப்பவர்களுக்குத்தான் நாலு விரல் பனி பேரிடர். மறுத்துப் பேசுபவர்கள் வரலாம்.

சூடுகண்டபூனை:
வந்துவிட்டேன்.

கரடி அண்ணே, அந்தப் பிள்ளைகள் நடக்கும் பாதையில் விடிவதற்கு முன்பே பனி தள்ளும் வண்டி ஓடியிருக்கும். பின்னாலேயே ஒருவர் மணல் தூவிக்கொண்டு போயிருப்பார். பள்ளிக்குள் நுழைந்தால் ஈர பூட்ஸைக் கழற்றி வைக்கத் தனி இடம். தினமும் நடப்பதால் இதெல்லாம் உங்கள் கண்ணில் படுவதே இல்லை.

2014 ஜனவரி 28, அமெரிக்காவின் தெற்கே இருக்கும் அட்லாண்டா. விமான நிலையத்தில் அளந்த பனி 6.6 சென்டிமீட்டர், அதாவது நீங்கள் சொல்லும் அதே நாலு விரல். மதியம் பள்ளி, அலுவலகம் எல்லாம் ஒரே நேரத்தில் கலைந்தன. மொத்த ஊரும் சாலையில். டயருக்கு அடியில் நசுங்கி இளகிய பனி மறுபடி உறைந்து கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. உப்பு தூவ வேண்டிய வண்டிகளும் அதே நெரிசலில் மாட்டிக்கொண்டன. ஆயிரக்கணக்கானவர்கள் காரிலேயே இரவைக் கழித்தார்கள், பிள்ளைகள் பள்ளியிலேயே தூங்கினார்கள். குளிர் பழகாததாலா இதெல்லாம்? உங்களை உங்கள் பதினோரு வருடப் பழக்கத்தோடு அங்கே இறக்கிவிட்டிருந்தாலும் முன்னால் நின்ற லாரி ஓர் அடி நகர்ந்திருக்காது.

வழிப்போக்கன்:
ஓரமாக உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறேன். ஒரு சந்தேகம் மட்டும். புல்லில் காலையில் படிந்திருப்பதும் பனி, எதிரே வரும் வண்டியை மறைப்பதும் பனி, வானத்திலிருந்து பஞ்சு பஞ்சாக இறங்குவதும் பனி. எந்தப் பனி என்று சொல்லிவிட்டு அடித்துக்கொள்ளுங்கள்.

பனிக்கரடி:
வழிப்போக்கரே, பஞ்சு பஞ்சாக இறங்குவது.

பூனை, அட்லாண்டா கதை நிர்வாகக் கோளாறு. அதை என் கணக்கில் எழுதாதீர்கள். நான் பேசுவது உடம்பைப் பற்றி. பழுப்புக் கொழுப்பு என்று ஒன்று இருக்கிறது, கேள்விப்பட்டிருப்பீர்கள். எரிந்து வெப்பம் தருவதுதான் அதன் வேலையே. பச்சைக் குழந்தைகளிடம் மட்டும்தான் அது உருப்படியாக இருக்கும் என்று வெகுகாலம் நினைத்திருந்தார்கள். பெரியவர்களிடமும் வேலை செய்கிறது என்று 2009இல் உறுதியானது. 2013இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் 17 பேரைப் பத்து நாள், தினமும் ஆறு மணி நேரம், 15 - 16 டிகிரியில் உட்கார வைத்தார்கள். அந்தக் கொழுப்பின் வேலை கூடியது, நடுக்கம் குறைந்தது. பத்தே நாளில்!

இன்னொன்று. கனடாவின் காஸ்பே கடற்கரையில் பனிநீரில் வேலை செய்யும் மீனவர்களின் கைகளை 1960களிலேயே சோதித்திருக்கிறார்கள். குளிர்ந்த நீருக்குள் கையை விட்டால் மற்றவர்கள் கையைவிட அவர்கள் கை சூடாக இருந்தது. பழக்கம் இல்லாமல் இது எப்படி வந்தது?

சூடுகண்டபூனை:
பதினைந்து டிகிரி அறையில் அரைக்கால் சட்டையோடு உட்காருவதும் மைனஸ் 20 காற்றில் பேருந்துக்கு நிற்பதும் ஒன்றா அண்ணே? மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

ஆனால் மீனவர் உதாரணத்தை நான் விடப் போவதில்லை, அது என் கட்சிக்குத்தான் வேலை செய்கிறது. கொரியாவில் மூச்சடக்கிக் கடலில் இறங்கும் பெண்கள் இருக்கிறார்கள். முன்பெல்லாம் வெறும் பருத்தி உடையில்தான் குளிர்காலக் கடலிலும் இறங்குவார்கள். அவர்கள் உடம்பு குளிரைத் தாங்கியவிதம் ஆய்வாளர்களை வாய்பிளக்க வைத்தது. 1970களின் பிற்பகுதியில் ரப்பர் உடை வந்தது. உடம்பு வெதுவெதுப்பாகவே இருந்ததால் அடுத்த சில வருடங்களில் அந்தத் தாங்கும் சக்தி போய்விட்டது.

இப்போது உங்களிடம் வருகிறேன். வீட்டில் 22 டிகிரி, காரில் சூடு, அலுவலகத்தில் சூடு, நடுவில் முழங்கால் வரை ஜாக்கெட். உங்கள் உடம்புக்குக் குளிர் தெரிவதே வாசலிலிருந்து கார் வரைக்கும்தான். அதை வைத்துக்கொண்டு மீனவர் கையோடு போட்டியா?

மழைக்காகம்:
இருவரும் எண்ணை மட்டும் பார்க்கிறீர்கள். நான் மைனஸ் 20 ஊரிலும் இருந்திருக்கிறேன், பூஜ்யத்தைச் சுற்றியே ஊசலாடும் ஊரிலும் இருந்திருக்கிறேன். என்னைப் படுத்தியது இரண்டாவதுதான். மைனஸ் 20இல் பனி உலர்ந்திருக்கும், தட்டினால் உதிர்ந்துவிடும், மிதித்தால் பூட்ஸுக்கு அடியில் கரகர என்று சத்தம் போடும், காலும் வழுக்காது. பூஜ்யத்தில் அதே பனி தோளில் விழுந்து உருகி உள்ளே இறங்கும். உடை நனைந்துவிட்டால் குளிரைத் தடுக்கும் சக்தி வெகுவாகக் குறைந்துவிடும். சாலை பகலில் சொதசொத, ராத்திரி கண்ணாடி. இதில் வெப்ப ஊர்க்காரர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது ரகம். கரடி கொண்டாடுகிற குளிர் உண்மையில் ஒழுக்கமான குளிர்.

பனிக்கரடி:
“ஒழுக்கமான குளிர்.” சிரித்துவிட்டேன். ஆனால் காற்றை விட்டுவிட்டீர்கள். மைனஸ் 10இல் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்றடித்தால் முகத்துக்கு அது மைனஸ் 20 கணக்கு. என் ஊரில் காற்று சும்மா இருப்பதே இல்லை.

செவிலியக்கா:
உடம்பா பழக்கமா என்று கேட்டால், ஐரோப்பாவில் பல பகுதிகளை ஒப்பிட்டு 1997இல் வெளியான ஓர் ஆய்வு நினைவுக்கு வருகிறது. வெப்பம் 18 டிகிரிக்குக் கீழே ஒவ்வொரு டிகிரி இறங்கும்போதும் சாவு எவ்வளவு கூடுகிறது என்று பார்த்தார்கள். ஏதென்ஸில் 2.15 சதவீதம். தெற்கு ஃபின்லாந்தில் 0.27 சதவீதம். குளிர் குறைந்த ஊரில்தான் குளிர் அதிகம் கொல்கிறது.

காரணத்தையும் தேடியிருக்கிறார்கள். வெளியே 7 டிகிரி இருக்கும்போது ஃபின்லாந்து வீட்டுக் கூடத்தில் 21.7 டிகிரி, ஏதென்ஸ் வீட்டில் 19.2. அதே 7 டிகிரியில் வெளியே வந்தவர்களில் ஃபின்லாந்தில் 72 சதவீதம் பேர் தலையில் குல்லா, ஏதென்ஸில் 13 சதவீதம். சைபீரியாவின் யாகுட்ஸ்கில் தனியாகப் பார்த்தபோது மைனஸ் 48 வரை போயும் குளிரோடு சேர்ந்து சாவு ஏறவில்லை. அங்கே யாரும் மரத்துப்போன உடம்போடு திரியவில்லை தம்பி, மூட்டையாகப் போர்த்திக்கொண்டுதான் வெளியே போகிறார்கள்.

பனிக்கரடி:
அக்கா, நீங்களே என் வக்கீலாகிவிட்டீர்கள்! ஏதென்ஸ்காரர்களைக் குல்லா போடக் கூடாது என்று யார் தடுத்தது? இதைத்தான் முதல் பதிவிலிருந்து கத்துகிறேன். பழக மறுக்கிறார்கள்.

சூடுகண்டபூனை:
முதல் பதிவில் குல்லா பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஜிப் போடாத வீரம்தான் இருந்தது. மேலே போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

குழாய்க்காரன்:
குளிர்ப் பகுதியில் குழாயும் ஹீட்டரும் பழுது பார்ப்பது என் தொழில். ஒரு விஷயம் சொல்லிவிட்டுப் போகிறேன்.

குளிர்ப் பகுதியில் தண்ணீர்க் குழாயை நிலம் உறையும் ஆழத்துக்குக் கீழே புதைப்பார்கள். வீட்டுக்குள் சூடான பக்கமாகவே கொண்டுபோவார்கள். வெப்பப் பகுதியில் வெளிச்சுவரை ஒட்டியோ கூரைக்கு அடியிலோ போகும். அங்கே அதுதான் சுலபம், தப்பும் இல்லை. தண்ணீர் உறைந்தால் சுமார் 9 சதவீதம் பெருக்கும். பலரும் ஐஸ் பிடித்த இடத்தில்தான் குழாய் வெடிக்கும் என்று நினைக்கிறார்கள். ஐஸ் அடைப்புக்கும் மூடிய குழாய்வாய்க்கும் நடுவில் மாட்டிக்கொண்ட தண்ணீருக்கு அழுத்தம் ஏறி அங்கேதான் பெரும்பாலும் கிழியும். அதனால்தான் கடுங்குளிர் இரவில் குழாயைச் சொட்டுச் சொட்டாகத் திறந்து வைக்கச் சொல்கிறோம். வெடித்தது உடனே தெரியாது. மறுநாள் உருகும்போதுதான் கூரை வழியாகக் கொட்டும்.

2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தைக் கடுங்குளிர் தாக்கியது எல்லாருக்கும் தெரியும். 45 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்கும் கடைகளுக்கும் மின்சாரம் போனது. அரசுக் கணக்கிலேயே 246 சாவு. அதில் பெரும்பாலானவர்கள் உடல் குளிர்ந்து போய் இறந்தவர்கள். வீட்டைச் சூடாக்க மூடிய இடத்தில் ஜெனரேட்டரும் காரும் ஓடவிட்டு, நச்சுப் புகையில் போனவர்களும் உண்டு. கரடி, ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் ஹீட்டர் கடைசியாக எப்போது நின்றது?

பனிக்கரடி:
கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டீர்கள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால். ராத்திரி பதினோரு மணிக்கு நின்றது, பழுது பார்ப்பவர் மறுநாள் பத்து மணிக்குத்தான் வந்தார். வெளியே மைனஸ் 22. விடியும்போது அறையில் 9 டிகிரி. இருந்த கம்பளி அத்தனையும் போர்த்தி, குல்லாவோடு, பிள்ளைகளை நடுவில் போட்டுக்கொண்டு படுத்தோம். சின்னவளின் மூக்கு நுனி ஐஸ் மாதிரி இருந்தது. பொட்டுத் தூக்கம் இல்லை.

ஆனால் கவனியுங்கள், நான் அலறவில்லை. எல்லாரையும் ஒரே அறையில் சேர்த்தேன், கதவிடுக்கில் துண்டைத் திணித்தேன், குழாய்களைச் சொட்ட விட்டேன். புதிதாக வந்தவனுக்கு இதெல்லாம் தெரிந்திருக்குமா?

சூடுகண்டபூனை:
தெரிந்திருக்காது. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அண்ணே, கதவிடுக்கில் துண்டு திணித்தது உங்கள் பழுப்புக் கொழுப்பா?

வழிப்போக்கன்:
ஹா ஹா. இதற்கு மேல் என்னால் வேடிக்கை மட்டும் பார்க்க முடியாது. பூனைக்கு என் ஓட்டு.

பனிக்கரடி:
சரி சரி. உடம்பு பாதி என்று நினைத்திருந்தேன், கால் பங்கு என்று வைத்துக்கொள்வோம். அதற்குக் கீழே இறங்க மாட்டேன். இலையுதிர்காலத்தில் வரும் முதல் 5 டிகிரி எலும்பைக் குடைகிறது, மார்ச்சில் வரும் அதே 5 டிகிரியில் எல்லாரும் மேல்சட்டையைக் கழற்றுகிறார்கள். அதற்கு என்ன சொல்வீர்கள்?

சூடுகண்டபூனை:
அந்தக் கால் பங்கை வைத்துக்கொள்ளுங்கள். எனக்கும் மார்ச்சில் அப்படித்தான்.

செவிலியக்கா:
கால் பங்கோ அரைப் பங்கோ, பழகிவிட்டோம் என்ற நினைப்பில் ஓர் ஆபத்து இருக்கிறது. பெரும்பனி கொட்டிய மறுநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எங்களிடம் வருபவர்கள் நேற்று வந்த புதியவர்கள் இல்லை. “முப்பது வருடமாக நான்தானே அள்ளுகிறேன்” என்பவர்கள். குளிரில் ரத்தக்குழாய் சுருங்கி அழுத்தம் ஏறியிருக்கும். அதோடு ஈரப்பனியை மூச்சடக்கி அள்ளித் தூக்கி எறிந்தால் இதயம் என்ன செய்யும்? கரடித் தம்பிக்கும் வயது ஏறிக்கொண்டுதானே இருக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளு, தூக்காதே.

முதல்பனி:
மன்னிக்கவும், நடுவில் வருகிறேன். அடுத்த மாதம் பனி கொட்டும் ஊருக்கு முதல்முறையாகப் போகிறேன். யார் வென்றார்கள் என்பது எனக்கு முக்கியமில்லை. என்ன வாங்க வேண்டும், என்ன செய்யக் கூடாது என்று யாராவது சொன்னால் போதும்.

பனிக்கரடி:
தம்பியோ தங்கையோ, வாருங்கள். முதலில் பூட்ஸ். பாதத்தைப் பிடிக்காமல் கொஞ்சம் தளர்வாக இருக்கட்டும். சூடு வேண்டும் என்று இரண்டு காலுறையைத் திணித்துப் போட்டால் ரத்தம் ஓடாமல் கால் இன்னும் சீக்கிரம் மரத்துப்போகும். கையுறை நாலு விரலும் ஒன்றாக இருக்கும் ரகமாக வாங்குங்கள், விரல்கள் ஒன்றையொன்று சூடாக்கிக்கொள்ளும். உள்ளாடை பருத்தி வேண்டாம், வேர்வையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். ஒரே தடித்த ஜாக்கெட்டைவிட மூன்று மெல்லியவை மேல். நடக்கும்போது வாத்து மாதிரி, பாதத்தைத் தட்டையாக வைத்து, சின்னச் சின்ன அடி. கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு நடக்காதீர்கள், விழும்போது ஊன்றக் கை இருக்காது. கார் இருந்தால் குளிர்கால டயர். சுமார் 7 டிகிரிக்குக் கீழே சாதாரண டயரின் ரப்பர் இறுகிப் பிடிமானம் குறைந்துவிடும். பனியில் கார் மாட்டிக்கொண்டால், புகைக்குழாயைச் சுற்றி இருக்கும் பனியைத் தள்ளாமல் இன்ஜினை ஓடவிடவே கூடாது.

வேகமாக நடக்கும்போது ஜிப்பைக் கொஞ்சம் திறந்து விடுங்கள். மைனஸ் 5இலும் வேர்க்கும். வேர்த்து உள்ளாடை நனைந்துவிட்டால், நின்ற அடுத்த நிமிடமே நடுக்கம் தொடங்கிவிடும்.

செவிலியக்கா:
காது, மூக்கு, விரல் வெளுத்து மரத்துப்போனால் தேய்க்காதே, பனியை வைத்துத் தேய்க்கவே தேய்க்காதே. அந்த இடம் மறுபடி உறையாது என்று உறுதியானபின் வெதுவெதுப்பான நீர். பிறகு மருத்துவர்.

முதல்பனி:
நன்றி அண்ணா, நன்றி அக்கா. எழுதி வைத்துக்கொண்டேன்.

சூடுகண்டபூனை:
கரடி அண்ணே, ஒரு நிமிடம். அப்படியென்றால் நீங்கள் மைனஸ் 5இல் ஜிப்பை இழுக்காமல் விடுவது வேர்க்கும் என்பதாலா?

பனிக்கரடி:
இங்கே மணி பன்னிரண்டு. காலையில் வாசலில் முழங்கால் அளவு பனி கிடக்கும், அள்ள வேண்டும். போய்த் தூங்கு.

செவிலியக்கா:
தள்ள வேண்டும்.