‘அப்பா வீட்டில் இல்லை’: பிள்ளையின் வாயால் ஒரு பொய்

செம்பனைக்காரன் (சுங்கை சிப்புட்):
எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோவில் திருவிழா நெருங்குவதால் நிர்வாகத்தினர் நன்கொடை ரசீதுப் புத்தகத்தோடு வீடு வீடாக வருகின்றனர். நேற்று அவர்கள் கேட்டருகே வந்து நின்றபோது, மூன்றாம் ஆண்டில் படிக்கும் மகனை அனுப்பி ‘அப்பா வீட்டில் இல்லை’ என்று சொல்ல வைத்தேன். பிள்ளைக்குப் பொய் பழக்குகிறாய் என்று அக்கா கடிந்துகொண்டார். என் மோட்டார் சைக்கிள் வாசலிலேயே நிற்கிறது. வந்தவர்களுக்கும் நிலைமை புரிந்துதான் இருக்கும். ‘இந்த மாதம் கையில் பணமில்லை’ என்று முகத்துக்கு நேரே சொல்லி இரு தரப்பும் சங்கடப்படுவதைவிட இது மரியாதையானது அல்லவா? ஒருவருமே ஏமாறாத இடத்தில் பொய் எங்கே இருக்கிறது?

ஓய்வுபெற்ற ஆசிரியை:
தம்பி, 292ஆம் குறளை யாராவது துணைக்கு அழைப்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்: குற்றமற்ற நன்மை தரும் பொய்க்கே வள்ளுவர் இடம் கொடுக்கிறார், ஐம்பது வெள்ளி (ரிங்கிட்) மிச்சப்படுவது அந்த நிபந்தனைக்குள் அடங்காது. ஜெர்மானியத் தத்துவ அறிஞர் கான்ட் 1797இல் ஏறக்குறைய இதே நிலைமையை ஆராய்ந்தார். இன்னார் தேடி வந்தால் தான் இல்லையென்று சொல்லும்படி எசமானர் பணிக்க, வேலைக்காரனும் அப்படியே சொல்லிவிடுகிறான். அந்த இடைவெளியில் எசமானர் நழுவிச் சென்று, காவலர் தடுத்திருக்கக்கூடிய பெருங்குற்றத்தைச் செய்துவிடுகிறார். பழியில் வேலைக்காரனுக்கும் பங்குண்டு என்கிறார் கான்ட். அந்தத் தீர்ப்பு எனக்கு மிகக் கடுமையாகவே படுகிறது. ஆயினும் பொய்யை விரும்பியவர் உள்ளே இருக்க, அதைச் சொன்ன வாய் வேறொருவருடையதாக இருப்பதை அவர் சரியாகவே கண்டுகொண்டார்.

லயத்து வீடு:
அக்கா, கான்ட் நம் ஊரில் வாழ்ந்தவர் அல்லர். 1948 ஜூன் 16ஆம் நாள் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டு மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்ட பின், காட்டிலிருந்து வந்த கம்யூனிஸ்ட் போராளிகளுக்கும் இராணுவத்துக்கும் நடுவில் பால்மரம் வெட்டும் குடும்பங்கள் சிக்கிக்கொண்டன. ‘நான் யாரையும் பார்க்கவில்லை’ என்ற ஒரே வாக்கியத்தை இரு தரப்புக்கும் சொல்லித்தான் உயிர் பிழைத்தோம் என்று என் பாட்டி சொல்வார். இன்றும் வட்டி முதலையின் ஆட்கள் வாசலில் நின்றால், பிள்ளை உண்மையைச் சொல்ல வேண்டும் என்பீர்களா? சிறிய பொய் எளியவனின் கேடயம்.

ஓய்வுபெற்ற ஆசிரியை:
சொல்ல வேண்டும் என்று சொல்லமாட்டேன். அந்த வாசலுக்குப் பிள்ளையை அனுப்பவே கூடாது என்பேன். உங்கள் பாட்டியின் மீது எனக்குக் குறையில்லை. அவர் தம் உயிருக்காகத் தாமே பேசினார். ரசீதுப் புத்தகத்தைத் துப்பாக்கியோடு சேர்த்து எடைபோடுவதுதான் பொருந்தவில்லை.

செம்பனைக்காரர் கேட்டதற்கு இப்போது வருகிறேன். யாரும் ஏமாறவில்லை என்கிறார். கேட்டுக்கு வெளியே நிற்பவருக்கும் உள்ளே இருப்பவருக்கும் அது வெறும் சம்பிரதாயம் என்பது தெரியும்; நடுவில் நிற்கும் ஒன்பது வயதுப் பிள்ளைக்குத்தான் தெரியாது. தான் பொய் சொன்னதாக அங்கே நம்புகிறவன் அவன் ஒருவனே. 2014இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 3 முதல் 7 வயது வரையிலான 186 பிள்ளைகளைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. பக்கத்து அறையில் மிட்டாய் இருப்பதாகச் சிலரிடம் பொய் சொல்லி அழைத்து வந்து, பிறகு அது பொய் என்று ஒப்புக்கொண்டனர். அப்படி ஏமாற்றப்பட்ட பள்ளி வயதுப் பிள்ளைகள், பார்க்கக் கூடாது என்ற பொம்மையை எட்டிப் பார்த்ததும் பின்பு அதை மறைத்ததும் மற்றவர்களைவிட அதிகமாக இருந்தது. அதைவிடச் சிறியவர்களிடம் அந்த வேறுபாடு தென்படவில்லை. உங்கள் மகன் கவனிக்கத் தொடங்கும் வயதில் இருக்கிறான்.

செம்பனைக்காரன் (சுங்கை சிப்புட்):
ஆய்வுக் கூடத்து மிட்டாயும் கோவில் நன்கொடையும் ஒன்றல்ல, ஆசிரியை. பிறர் முகம் வாடாமல் பேசுவதற்கும் பிள்ளை எங்கேயாவது பழகித்தானே ஆக வேண்டும்? சமைத்தவர் மனம் நோகாதபடி ‘கறி நன்றாக இருக்கிறது’ என்று சொல்ல அவனுக்கு நீங்களும்தான் சொல்லிக் கொடுப்பீர்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியை:
கொடுப்பேன். அதில் அவன் காப்பது பிறர் மனத்தை. இங்கே அவன் காத்தது உங்கள் கூச்சத்தை.

லயத்து வீடு:
கூச்சத்துக்குக் காரணம் பணமில்லாமை மட்டும் அன்று. யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று ஒலிபெருக்கியில் வாசிக்கும் வழக்கமும்தான். இரண்டு வெள்ளி எழுதியவரின் பெயர் இருநூறு வெள்ளிக்காரரின் பெயருக்கு அடுத்து ஒலித்தால், மறுவருடம் அவர் பிள்ளையைத்தான் வாசலுக்கு அனுப்புவார். அடுத்த பொதுக்கூட்டத்தில் தொகையை வாசிப்பதை நிறுத்தச் சொல்லி நான் எழுந்து பேசப் போகிறேன். நீங்கள் இருவரும் வழிமொழிவீர்களா?