போலீஸ் காவல் 15 நாளா, 90 நாளா? முதலாண்டு நோட்ஸில் எதை எழுதுவது?

தாமிரபரணி:
குற்றவியல் முதல் செமஸ்டர் பிள்ளைகளுக்கு குற்ற நீதி அமைப்பு பற்றி ஒரு அறிமுகத் தாள் உண்டு. அதுக்கு யாரோ போட்ட நோட்ஸ் ரெண்டு நாளா வாட்ஸ்அப்பில் சுத்துது. கொட்டை எழுத்துல ஒரு வரி: "பிஎன்எஸ்எஸ் சட்டப்படி போலீஸ் காவல் 15 நாளிலிருந்து 90 நாளாக உயர்ந்தது." பச்சைத் தப்பு. பிஎன்எஸ்எஸ்-ங்கிறது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலா வந்த புதுச் சட்டம். அதோட 187(2)-ஐ ஒரு தடவை வாசிச்சிருந்தா இந்த வரி வந்திருக்காது. மொத்தம் 15 நாள்தான். அந்த 15 நாளை எப்போ எடுக்கலாம்ங்கிறது மட்டும்தான் மாறியிருக்கு.

கருப்புக்கோட்டு:
நோட்ஸ் என்னோடதுதான். பழைய சட்டத்தின் 167-ல, 15 நாளுக்கு மேல நீட்டிக்கிற இடத்துல "போலீஸ் காவலில் அல்லாமல்"னு தெளிவா இருந்துச்சு. புது 187(3)-ல அந்தச் சொல்லைக் காணோம். 2024 ஜூலை 1-லிருந்து அமல்ல இருக்குற சட்டம் இதுதான். எடுத்த சொல் எங்க போச்சுன்னு முதல்ல சொல்லுங்க.

தாமிரபரணி:
(3)-ஐ மட்டும் வெட்டி எடுத்துப் படிச்சா அப்படித்தான் தெரியும். (2)-ல "மொத்தத்தில் 15 நாளுக்கு மிகாமல்"னு இருக்கு. முழுசாவோ பகுதி பகுதியாவோ எடுக்கலாம். குற்றப்பத்திரிகைக்கு 60 நாள் கெடு உள்ள வழக்குன்னா முதல் 40 நாளுக்குள்ள, 90 நாள் கெடு உள்ள பெரிய குற்ற வழக்குன்னா முதல் 60 நாளுக்குள்ள.

காலண்டர் வச்சு எண்ணுங்க. மார்ச் 1-ல ரிமாண்ட் (மாஜிஸ்திரேட் ஆளைக் காவலுக்கு அனுப்புறது), திருட்டு வழக்கு. பழைய சட்டத்துல, உச்ச நீதிமன்றத்தின் 1992 அனுபம் குல்கர்னி தீர்ப்புப்படி மார்ச் 15-ஓட போலீஸ் காவல் முடிஞ்சது. அதுக்கு மேல ஜெயில்தான். இப்போ 3 நாள் எடுத்துட்டு, மிச்சம் 12 நாளை ஏப்ரல் 9 வரைக்கும் பிரிச்சுப் பிரிச்சு கேக்கலாம். கொலை வழக்குன்னா ஏப்ரல் 29 வரைக்கும். கூட்டிப் பாருங்க, எங்கேயும் 15 தாண்டாது.

கருப்புக்கோட்டு:
காலண்டர் பாடத்துக்கு நன்றி. நான் கேட்டது வேற. "போலீஸ் காவலில் அல்லாமல்". அந்தச் சொல் எங்க?

மரிக்கொழுந்து:
ரெண்டு பேருமே பிள்ளைகளுக்கு அடிப்படையைச் சொல்லலையே. தமிழ்ல ரெண்டுமே "காவல்"தான். பேப்பர்ல "15 நாள் காவல்"னு போட்டுட்டுப் போயிடுறான். முதல் ரிமாண்ட்ல ஆள் பெரும்பாலும் நீதிமன்றக் காவலுக்கு, அதாவது ஜெயிலுக்குப் போறார். அப்புறம் போலீஸ் தனியா மனு போட்டு கஸ்டடி கேக்கணும். அதுக்கு ஆளை நேர்ல ஆஜர்படுத்தணும், வீடியோ கான்பரன்ஸ் செல்லாது. ஜெயில் காவலை நீட்டிக்க மட்டும்தான் வீடியோ. 90 நாள்ங்கிறது ரெண்டையும் சேர்த்த வரம்பு. நோட்ஸ்ல விழுந்த குழப்பமே இதுதான்.

கருப்புக்கோட்டு:
மேடம், குழப்பம் எனக்கில்ல, சட்டம் எழுதினவங்களுக்கு. தேவையில்லாத சொல்லை எடுத்தாங்கன்னா, அது இத்தனை வருஷம் ஏன் அங்க இருந்துச்சு?

பழைய154:
இந்தச் சண்டையே வீண். முதலாண்டுக்கு எதுக்கு பிரிவு நம்பர்? முதல்ல சிஎஸ்ஆர் ரசீதுக்கும் (புகாரைப் பெற்றதுக்கு ஸ்டேஷன்ல குடுக்குற ஒப்புகை) எஃப்ஐஆருக்கும் வித்தியாசம் சொல்லிக் குடுங்க. ஸ்டேஷன்ல சிஎஸ்ஆர் வாங்கிட்டு வந்து "கேஸ் போட்டாச்சு"ன்னு நம்புறவங்கதான் இங்க அதிகம். அப்புறம் எஃப்ஐஆர்னா பழைய சட்டத்தோட 154-தான். அதைப் புதுச் சட்டப்படி 173-னு சொன்னா ஒரு ஏட்டய்யாவும் தலையாட்ட மாட்டார்.

தாமிரபரணி:
அண்ணே, போன மாசம் ஜீரோ எஃப்ஐஆர் திரியிலும் இதே பாட்டுதான் பாடினீங்க. 173-ஐத் தெரியாம ஜீரோ எஃப்ஐஆரை எப்படி நடத்துவீங்க? குற்றம் எந்த ஸ்டேஷன் எல்லையில நடந்திருந்தாலும் பதியணும்னு சட்டத்துக்குள்ளேயே வந்தது அந்தப் பிரிவுலதான். மின்னஞ்சல்ல புகார் குடுத்தா 3 நாளுக்குள்ள கையெழுத்துப் போடணும், இல்லேன்னா பதிவுல ஏறாது. இதையெல்லாம் 154-ல தேடுவீங்களா?

பழைய154:
போன மாசத்தை ஏன் இழுக்குறீங்க? அன்னிக்கும் நான் சொன்னது தப்பில்ல. 2024 ஜூலைக்கு முன்னாடி விசாரணையில இருந்த வழக்குகள் இன்னும் பழைய சட்டத்துலதான் ஓடுது, அதுக்குப் புதுச் சட்டத்திலேயே பாதுகாப்புப் பிரிவு இருக்கு. பிள்ளை நாளைக்கு கோர்ட்டுக்குப் போனா ரெண்டு நம்பரையும்தான் கேப்பான். 154 செத்துப்போகல.

தாமிரபரணி:
செத்துப்போச்சுன்னு யார் சொன்னா? ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல எழுதுங்கன்னுதான் சொல்றேன். கைது பண்ணாம விசாரணைக்கு வரச் சொல்ற 41ஏ நோட்டீஸ் இப்போ 35(3). கைதானவரை 24 மணி நேரத்துக்கு மேல போலீஸ் வச்சிருக்கக் கூடாதுங்கிறது 57-ல இருந்தது, இப்போ 58. குற்றப்பத்திரிகை 173-ல இருந்து 193-க்குப் போயிடுச்சு. இதுலதான் பிள்ளைங்க விழுறாங்க: பழைய 173 குற்றப்பத்திரிகை, புது 173 எஃப்ஐஆர். நம்பர் வேண்டாம்னு சொல்ற வாத்தியாரால பிள்ளை பரீட்சையில மார்க்கை விடும்.

இப்போ காவலுக்கு வர்றேன். மறுபடியும் சொல்றேன்: மொத்தத்தில் 15 நாள்.

கருப்புக்கோட்டு:
மறுபடியும் கேக்குறேன்: அந்தச் சொல் எங்க?

சட்டக்கல்லூரி_மேசை:
ஒரு விஷயம். 2023 ஆகஸ்ட்டில் செந்தில் பாலாஜி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள், 15 நாளை முதல் 15 நாளுக்குள்ளேயே எடுக்கணும்ங்கிறதை ஏற்காம, குல்கர்னி தீர்ப்பைப் பெரிய அமர்வுக்கு அனுப்பினாங்க. அதுவும் பழைய 167-ஐ வச்சே. அதனால "பிரிச்சு எடுக்கலாம்"ங்கிற யோசனை பிஎன்எஸ்எஸ்-ல திடீர்னு முளைச்சதில்ல. ஆனா அந்தத் தீர்ப்புலயும் பேச்சு 15 நாளைப் பத்தித்தான், 90 நாளைப் பத்தி இல்ல.

கருப்புக்கோட்டு:
அப்போ வாசல் திறந்திருக்குன்னு நீங்களே ஒத்துக்கிறீங்க. ஒண்ணு யோசிங்க. 16-ஆவது நாள் ஜாமீன் மனு போட்டா, "இன்னும் 5 நாள் கஸ்டடி பாக்கி இருக்கு"ன்னு போலீஸ் எதிர்ப்பு மனு போடும். முன்னாடி அந்தப் பதிலே கிடையாது. ஏப்ரல் 9 வரைக்கும் ஆள் பயந்துக்கிட்டே ஜெயில்ல கிடக்கணும். இதைத்தான் நான் நோட்ஸ்ல சுருக்கமா எழுதினேன்.

தாமிரபரணி:
இதை எழுதியிருந்தா உங்க நோட்ஸை நானே பத்து பேருக்கு அனுப்பியிருப்பேன்! ஜாமீனைத் தள்ளிப்போட இது வழி விடுதுங்கிறது நியாயமான கவலை. ஆனா நீங்க எழுதினது "90 நாளாக உயர்ந்தது"னு. உள்துறை அமைச்சரே 2024 ஜூலையில 15 நாள்தான்னு விளக்கினார்.

கருப்புக்கோட்டு:
அமைச்சர் பேச்சு சட்டமா? இதை எந்தப் பாடத்துல படிச்சீங்க?

மரிக்கொழுந்து:
சார், கஸ்டடியில 48 மணி நேரத்துக்கு ஒரு தடவை மருத்துவப் பரிசோதனைன்னு டி.கே. பாசு வழக்குல உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. கைது குறிப்புல சாட்சி கையெழுத்து வேணும். உங்க நோட்ஸ்ல இது ரெண்டும் எங்க இருக்கு? 90-ஐப் பெரிய எழுத்துல போட இடம் இருந்துச்சு, இதுக்கு இல்லையா?

கருப்புக்கோட்டு:
அது அடுத்த அலகு. அவசரப்படாதீங்க.

பழைய154:
அடுத்த அலகு வர்றதுக்குள்ள செமஸ்டர் முடிஞ்சிடும்.

சட்டக்கல்லூரி_மேசை:
60, 90 எண்ணும்போது ரிமாண்ட் ஆன நாளையும் சேர்க்கணும். 2023-ல கபில் வாதவான் வழக்குல மூணு நீதிபதிகள் தீர்ப்பு அது. மார்ச் 1 ரிமாண்ட்னா 60-ஆவது நாள் ஏப்ரல் 29. அன்னிக்குள்ள குற்றப்பத்திரிகை வரலேன்னா ஏப்ரல் 30-லிருந்து கட்டாய ஜாமீன் உரிமை. குற்றப்பத்திரிகை வர்றதுக்கு முன்னாடி மனு போட்டுடணும், பிந்தினா உரிமை போச்சு. நோட்ஸ்ல மே 1-னு இருக்கே?

கருப்புக்கோட்டு:
தட்டச்சுப் பிழை. அதைத் திருத்துறேன். 90-ஐத் திருத்த மாட்டேன்.

தாமிரபரணி:
அப்போ பிள்ளைங்களுக்கு நான் தனியா ஒரு பக்கம் போடுறேன். தலைப்பு: 187(2). முதல் வரி: மொத்தத்தில் 15 நாள்.

கருப்புக்கோட்டு:
ரெண்டாவது வரியில 187(3)-ஐயும் போடுங்க. முழுசா. ஒரு சொல் விடாம.