பழைய ஜீப் வாங்கப்போறேன், எவ்வளவு துரு வரைக்கும் ஓகே?

கேள்வி: பழைய ஃபோர் வீல் டிரைவ் ஒண்ணு பாத்து வச்சிருக்கேன், இன்ஜின் சூப்பர் ஆனா அடியில குனிஞ்சு பாத்தா சேஸிஸ் (வண்டியத் தாங்குற அடிச்சட்டம்) முழுக்க துரு, விக்கிறவர் மேலாப்புல தான்ங்கிறார், எப்படி கண்டுபிடிக்கிறது?

பதில் 1: பொடியா இருந்தா கம்பி பிரஷ்ல போயிடும் பாஸ். செதில் செதிலா உரிஞ்சா தான் வில்லங்கம். சுத்தியலால லேசா தட்டிக்கிட்டே போங்க, நல்ல இரும்பு கணீர்னு கேக்கும் அரிச்ச இடம் மந்தமா கேக்கும், முக்கியமா ஸ்பிரிங் மாட்டுற இடம், பாடி மவுண்ட் (பாடிய சேஸிஸ்ல மாட்டுற இடம்), பின்னாடி கிராஸ் மெம்பர் (குறுக்குச் சட்டம்), சேறு தங்குறது அங்கதான், பாக்ஸ் சேஸிஸ்னா (பெட்டி மாதிரி உள்ள காலியா இருக்கிற சட்டம்) உள்ளருந்தே அரிச்சிட்டு வரும் வெளிய தெரியவே தெரியாது.

பதில் 2: அடியில புதுசா கருப்பு கோட்டிங் அடிச்சிருந்தா எனக்கு அதுதான் பயமே, துருவ மறைக்க அடிச்சிருக்கலாம். பாடில காந்தம் வைங்க, ஒட்டலன்னா உள்ள பட்டி, அதாவது ஓட்டைய அடைக்கிற பேஸ்ட் (அலுமினியம் பாடினா இது செல்லாது).

பதில் 3: பிரேக் பைப்பையும் பாத்துடுங்க. கதவு ஓட்டைனா மாத்திக்கலாம், சேஸிஸ் ஓட்டைனா விலை கொறச்சாலும் வேணாம்ணே.