குவாக்கமோலே: மசியலா, துவையலா?

அன்பு நண்பர்களுக்கு,

வணக்கம். குவாக்கமோலே என்பது வெண்ணெய்ப்பழத்தை (அவகாடோ) நசுக்கிச் செய்யும் மெக்சிக்கோ நாட்டுத் தொடுகறி. அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் வெண்ணெய்ப்பழச் சட்னி, பச்சடி, மசியல் என்று இதுவரை மூன்று பரிந்துரைகள் வந்துள்ளன. மூன்றிலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. மூலச்சொல்லைப் பிரித்துப் பார்த்தால் வழி கிடைக்கும்.

எசுப்பானியம் வழியாக வந்தாலும் சொல்லின் பிறப்பு நாவாட்டில் மொழியில். எசுப்பானியர் வருமுன் மெக்சிக்கோவை ஆண்ட அசுத்தெக்குகள் பேசியது, அங்கே இன்றும் பத்து லட்சத்துக்கு மேற்பட்டோர் பேசுகிறார்கள். ஆவாகட்ல் என்பது வெண்ணெய்ப்பழம், மோல்லி என்பது குழம்பு, தொடுகறி. சேர்ந்தால் ஆவாகமோல்லி. 'ட்ல்' எங்கே போனது? 'மரம்', 'பெட்டி'யோடு சேரும்போது மகரம் உதிர்ந்து 'மரப்பெட்டி' ஆகிறதல்லவா? அங்கும் பெயரின் ஈறு தொகையில் இப்படித்தான் உதிரும். எனக்கு இது பெரிய வியப்பு. 'ஆவா'வை 'குவா' ஆக்கியது எசுப்பானியர் நாக்கு. எசுப்பானியத்தில் அரைப்பதற்கு 'மோலேர்' என்ற வினை இருப்பதால், குவாக்கமோலேயின் ஈற்றிலுள்ள 'மோலே' மோல்லியிலிருந்து அல்ல, அதிலிருந்து வந்தது என்பார்கள். அது வெறும் ஒலி ஒற்றுமை.

மோல்காஹேத்தே என்ற பாத்திரப் பெயரிலும் அதே மோல்லிதான் இருக்கிறது: 'மோல்லிக் கிண்ணம்'. எரிமலைக் கல்லில் குடைந்த, மூன்று கால் உள்ள சிறு உரல். வீட்டு இடிகல்லில் செய்து பார்த்தேன். உப்பையும் பச்சைமிளகாயையும் முதலில் நசுக்கி, பிறகு பழத்தைப் போட்டால் நாலே இடியில் குழைந்து கல்லோடு ஒட்டிக்கொள்கிறது. கையில் வந்த பதம் துவையல்!

மசியல் என்றால் கீரையோ கிழங்கோ வேக வேண்டும். இதில் அடுப்புக்கு வேலையே இல்லை. பச்சடி என்றதும் பலருக்குத் தயிர்தான் நினைவுக்கு வரும். சட்னி நீர்த்த பதம். துவையல் வறுத்து அரைப்பதாயிற்றே என்று கேட்கலாம். வறுப்பது சேர்மானத்தைப் பொறுத்தது. சொல்லின் வேர் துவைத்தலில், அதாவது இடித்து நசுக்குவதில் இருக்கிறது.

ஆகவே என் பரிந்துரை: வெண்ணெய்ப்பழத் துவையல். இலங்கை நண்பர்கள் அந்தப் பழத்தை ஆனைக்கொய்யா என்பார்கள். ஆனைக்கொய்யாத் துவையலையும் இணைச்சொல்லாகப் பதிய வேண்டும். ஒலிபெயர்ப்பில் 'குவாக்கமோலி' வேண்டாம், 'குவாக்கமோலே'. மோலே என்று தனியே வரும் இடத்தில் துவையல் பொருந்தாது. புவேப்லா நகரத்து மோலே, மிளகாயும் சாக்லேட்டும் சேர்த்துக் கொதிக்க வைக்கும் குழம்பு. அதற்குத் தனி இழை தொடங்கலாம்.